குளவிக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள்

உலகத்தில் சோம்பேறி என்று ஒருவரும் கிடையாது. ஊக்கம் இன்னும் வந்து சேராதவர்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்தப் பேருண்மையை மற்ற நாடுகள் எங்கே கண்டுபிடித்தனவோ தெரியாது. ஊவா மாகாணம் கண்டுபிடித்தது வெள்ளைப்பாறைத் தோட்டத்து ஆபீசில், நலன்புரி உத்தியோகத்தர் அஜந்தனின் மேசையில். பதுளையிலிருந்து பசறைக்குப் போகிற பாதையில் இறங்கி, கொழுந்து லொறி ஏறுகிற வழியே ஏறினால் அந்த மேசையைக் காணலாம். எந்த நேரம் போனாலும் அஜந்தன் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.

தொழிலாளர்கள் அவரை 'வெல்பயர் ஐயா' என்பார்கள். அவர்கள் குடியிருக்கிற லயத்துக் குழாய், கக்கூஸ் கதவு, கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவுக்குப் பால்மா என்று எல்லாமே அவர் பொறுப்பு. எந்தப் பொறுப்பையும் அவர் தட்டிக்கழித்ததில்லை. சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, வந்த வேலையையெல்லாம் மணிமணியான எழுத்தில் அதில் எழுதிவைப்பார். பிறகு பலகைக்கு எதிரே உட்கார்ந்து, இதில் எதை முதலில் தொடங்குவது என்று யோசிப்பார். யோசனை ஒரு முடிவுக்கு வருகிற நேரத்தில் ஆபீஸ் பூட்டுகிற நேரமும் வந்துவிடும்.

ஒருநாள் விடியற்காலை பெரட்டுக் களத்தில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற நேரத்தில், கொழுந்தெடுக்கிற கருப்பம்மா அவரிடம் வந்தாள். ஏழாம் நம்பர் மலையில், அவள் கொழுந்தெடுக்கிற தேயிலை வரிசையான நெரைக்கு நேர் மேலே, யூகலிப்டஸ் மரத்தில் குளவி கூடு கட்டத் தொடங்கியிருக்கிறது. அதை எரிக்க வேண்டும். முடியாவிட்டால் தனக்கு வேறு நெரை தர வேண்டும். இவ்வளவுதான் அவள் கேட்டது.

நெரையை மாற்றுவதற்கு நல்லையா கங்காணி சம்மதிக்கவில்லை. ஒருத்திக்கு மாற்றினால் நாளைக்கு ஒவ்வொருத்தியும் தன் நெரையில் அட்டை, பாம்பு என்று வந்து நிற்பாள் என்றார். ஒரு முறை கொடுத்த நெரை கொடுத்ததுதான்; அது தாலி கட்டினது மாதிரி. ஆகவே கூட்டை எரிப்பது ஒன்றுதான் வழி. அஜந்தன் உடனே ஆபீசுக்குப் போய்ப் பலகையில் 'குளவி' என்று எழுதினார். எழுதியதும் அவருக்குக் களைப்பாகிவிட்டது.

அவரை யாரும் கல்நெஞ்சர் என்று சொல்லிவிடக்கூடாது. குளவி கொட்டினால் மனிதர் சாவதுண்டு என்பது அவருக்குத் தெரியும். அதை எரிக்க வேண்டும் என்று அறிவு சொன்னது. உடம்பு எழும்பவில்லை. தனக்கு வந்திருப்பது சோம்பல் அல்ல, வேறு ஏதோ நவீனமான நோய் என்று அவருக்கு நீண்ட நாளாகவே ஒரு சந்தேகம்.

சந்தேகம் பண்டாரவளையில் தீர்ந்தது. அங்கே ஒரு ஹோட்டலில் சுய உந்துதல் நிபுணர் ஸப்வான் நடத்திய 'இன்றே தொடங்கு' கருத்தரங்குக்குத் தோட்டம் அவரை அனுப்பியது. காலைக் கருத்தரங்கு பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கியது. பெரிய வேலையைப் பார்த்தால் மனம் பயந்து ஒதுங்கும், இதற்கு ஊக்கமின்மை என்று பெயர், ஆகவே சின்ன வேலையை முதலில் முடியுங்கள், சின்னச் சின்ன வெற்றிகள் சேர்ந்து ஊக்கம் பிறக்கும் என்றார் நிபுணர். அஜந்தனுக்குக் கண் கலங்கியது. தன் நோய்க்கு ஒரு பெயரும், பெயருக்கு ஒரு மருந்தும், மருந்தோடு புரியாணியும் கிடைத்ததை அவரால் தாங்க முடியவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பியவர் ஒரு நிமிஷத்தையும் வீணாக்கவில்லை. பென்சில்களைச் சீவினார். கலண்டரை நேராக மாட்டினார். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சம் கண்ணில் பட்டதால் பழையபடி திருப்பினார், இரண்டு வெற்றிகள். செய்து முடித்த வேலைகளையும் பலகையில் எழுதி, எழுதிய கையோடு அழித்தார். அழிக்க அழிக்க உடம்பில் ஒரு தெம்பு ஏறுவது அவருக்கே தெரிந்தது.

கருப்பம்மா மறுபடியும் வந்தாள். கூடு இப்போது பானையளவு ஆகிவிட்டது என்றாள்.

"சின்னதா இருக்கும்போதே வந்து சொல்லியிருக்கலாமே" என்றார் அஜந்தன் வருத்தத்தோடு.

"சின்னதா இருக்கறப்பத்தாங்க வந்து சொன்னேன்."

"இப்ப அது பெரிய வேலையாயிருச்சும்மா. பெரிய வேலைய முதல்ல தொடங்கக் கூடாதுன்னு பண்டாரவளையில சொல்லியிருக்காங்க."

அன்று பொழுதுபட இரண்டு இளைஞர்கள் ஆபீசுக்கு வந்தார்கள். நாலு சாக்கும் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் கொடுத்தால், குளவி அடைந்த பிறகு போய்க் கூட்டை எரித்துவிட்டு வருவதாகச் சொன்னார்கள். அஜந்தன் அவர்களை அன்பாகத் தடுத்துவிட்டார். பலகையில் ஏறிய வேலை அவருடைய வேலை. அதை வெளியாட்கள் செய்துவிட்டால், அவருக்குச் சேர வேண்டிய ஊக்கம் யாருக்குப் போகும்? நியாயமான கேள்விதான். இளைஞர்கள் வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

இந்தக் காலத்தில்தான் கருப்பம்மாவுக்கும் அந்த நோய் தொற்றியிருப்பதை அஜந்தன் கண்டுபிடித்தார். ஒருகாலத்தில் மலையிலேயே கைவேகக்காரி அவள். இப்போது காலையில் மற்றவர்கள் நெரைக்குள் இறங்கிய பிறகும் விளிம்பிலேயே நிற்கிறாள். இறங்கினாலும் கை கொழுந்தில் இருக்க, கண் மரத்தில் இருக்கிறது. தோட்டம் சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர்; அரைப்பேர் என்றால் பாதிச் சம்பளம். அவளுக்கு அரைப்பேர் விழத் தொடங்கியது. தன்னைப் போல ஒரு ஜீவன் தோட்டத்தில் இருக்கிறது என்று அறிந்தபோது அஜந்தனுக்கு உண்மையிலேயே மனம் நெகிழ்ந்தது. அவளைக் கூப்பிட்டு, ஒரு சகநோயாளியைப் போல விசாரித்தார்.

"தொடங்க மனசு வரமாட்டேங்குது, இல்லையா?"

"மனசு வருதுங்க ஐயா. குளவி இருக்குங்க."

"எல்லார் மனசுலயும் ஒரு குளவி இருக்கும்மா."

"இது மரத்துல இருக்குங்க."

நோயாளிகள் நோயை ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நிபுணர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அஜந்தன் அவருக்கே தொலைபேசி எடுத்தார். சின்ன வேலை முதலில் என்ற கொள்கை போன மாதத்தோடு பழசாகிவிட்டதாகவும், உலகம் இப்போது கஷ்டமான வேலையை முதலில் செய்கிறது என்றும் ஸப்வான் தெரிவித்தார். பலகையில் இருப்பதிலேயே கஷ்டமான வேலை எது? ஒரு கூட்டை எரிப்பதா, ஒரு தோட்டத்துக்கே ஊக்கம் ஊட்டுவதா? இரண்டாவதுதான் என்று இருவரும் ஒருமனதாக முடிவெடுத்தார்கள். தோட்டத்து மேனேஜரான பெரிய துரையும் ஒப்புதல் கொடுத்தார். வெள்ளைப்பாறையின் முதலாவது 'ஊக்க தினம்' ஏழாம் நம்பர் மலையிலேயே நடக்கும் என்று அறிவிக்கப்பட்டது. பயத்தைப் பயம் இருக்கிற இடத்திலேயே வெல்ல வேண்டும் அல்லவா?

அன்று மலையில் பதாகை கட்டினார்கள். ஒலிபெருக்கியைக் கட்ட அந்த யூகலிப்டஸைத் தவிர உயரமான மரம் அக்கம்பக்கத்தில் இல்லாததால், கங்காணி அதிலேயே கட்டுவித்தார். கருப்பம்மா அஜந்தனிடம் ஓடிவந்து, அதுக்குச் சத்தம் ஆகாதுங்க, நிப்பாட்டச் சொல்லுங்க என்று கெஞ்சினாள். எதிர்மறைச் சிந்தனைகளை இன்று ஒருநாள் லயத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்றார் அவர். பிறகு ஸப்வான் ஒலிவாங்கியைப் பிடித்தார். உங்கள் பயத்தை நிமிர்ந்து பாருங்கள், கையைத் தட்டுங்கள், 'என்னால் முடியும்' என்று மலை அதிரச் சொல்லுங்கள் என்றார். பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தட்டச் சொன்னதால் தட்டினார்கள். மலை அதிர்ந்தது.

கூடும் அதிர்ந்தது.

எதை முதலில் செய்வது என்ற குழப்பம் அஜந்தனுக்கு அன்றைக்கு வரவே இல்லை. விழாவுக்கு வந்திருந்த துரையின் ஜீப்பில் அவர்தான் முதலில் ஏறினார்; நிபுணர் இரண்டாவது, துரை மூன்றாவது. கண்ணாடிகள் ஏறின, ஜீப் இறங்கியது. பின் இருக்கை காலியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. ஆனால் இது ஊக்கத்தைப் பற்றிய கதை, வயிற்றைப் பற்றியது அல்ல.

பெண்கள் தேயிலைக்குள் விழுந்தும் புரண்டும் ஓடினார்கள். வயதான இராக்கம்மாவால் ஓட முடியவில்லை. கருப்பம்மா தன் இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அவள் தலையோடு மூடி, அதன் மேலே தான் குப்புறப் படுத்துக்கொண்டாள். கொழுந்து லொறிதான் எல்லோரையும் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. இராக்கம்மா பிழைத்தாள். கருப்பம்மாவும் பிழைத்தாள் என்றுதான் சொன்னார்கள். முகம் வீங்கியிருந்ததால் அது கருப்பம்மாதான் என்று அடையாளம் சொல்ல அவள் புருஷன் கிட்டே போய்க் குரலைக் கேட்க வேண்டியிருந்தது. அஜந்தனுக்கு இடது காதில் ஒரு கொட்டு. அதற்கு ஒரு வாரம் சம்பளத்தோடு லீவு.

லீவிலிருந்தபடியே அவர் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பினார். பங்குபற்றியவர்கள் தோட்ட வரலாற்றிலேயே காணப்படாத வேகத்துடன் செயற்பட்டதாக அதில் இருந்தது. பொய் என்று யாரும் சொல்ல முடியாது. கலைந்த குளவி அந்த மரத்தை விட்டே போய்விட்டதால், பலகையிலிருந்து 'குளவி' என்ற சொல்லையும் அழித்தார். பெரிய வேலையொன்று அங்கே அழிந்தது அதுதான் முதல் தடவை. கொழும்பிலிருந்து பாராட்டு வந்தது.

கருப்பம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, ஊக்க தினத்துக்கு அவளுக்கும் மற்றப் பெண்களுக்கும் அரைப்பேர்தான் போடப்பட்டிருந்தது. கொழுந்து நிறுக்கும் முன்பே மலையை விட்டுப் போனவர்களுக்கு அரைப்பேர் என்பது தோட்டத்து விதி; யார் துரத்தியது என்று விதி கேட்பதில்லை. அவள் ஆபீசுக்கு வந்து நின்றாள்.

"ஐயாவும்தானே அன்னைக்கு மலைய விட்டுப் போனீங்க. ஐயாவுக்கும் அரைப்பேருங்களா?"

"எனக்கு மாசச் சம்பளம்மா" என்றார் அஜந்தன் பொறுமையாக. "அதுல அரை கிடையாது."

அவருக்கு உள்ளே கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. அரைப்பேரைத் திருத்தும்படி துரையிடம் பேச வேண்டும் என்று நினைத்து, பலகையில் எழுதியும் வைத்தார். எழுதியதும் களைப்பாகிவிட்டது.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம், துரை பங்களாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த துரைசாணி, முற்றத்துப் பட்டர்புரூட் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே போட்டார். மலையிலிருந்து போன குளவி அங்கேதான் குடியேறியிருந்தது. ஆபீஸ் தொலைபேசி அடித்தது. வேலை சின்னதா பெரியதா, கஷ்டமா இலேசா என்று அஜந்தன் கேட்கவில்லை. மண்ணெண்ணெய்க் கேனைத் தானே தூக்கிக்கொண்டு பங்களா மேட்டில் ஏறினார். வழியில் ஒரு தடவைகூட உட்காரவில்லை. அதே இரண்டு இளைஞர்களும் சாக்கோடு வரவழைக்கப்பட்டார்கள். இருட்டியதும் கூடு சாம்பலாகிவிட்டது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. பங்களாவுக்கு வந்தால் போதும் என்பது வெள்ளைப்பாறை நடைமுறை.

துரைக்கு ஏக மகிழ்ச்சி. மறுநாள் பெரட்டில் எல்லோர் முன்னிலையிலும் அஜந்தனைப் பாராட்டிப் பேசுவதாகச் சொன்னார். அஜந்தன் இஸ்திரி போட்ட சட்டையோடு விடியற்காலையில் களத்துக்குப் போனார். நல்லையா கங்காணியைத் தவிர அங்கே ஒரு குருவியும் இல்லை.

பெண்கள் எல்லோரும் கூடையோடு பங்களா வாசலில் நின்றார்கள். அஜந்தன் மூச்சு வாங்க மேடேறி அங்கே போய்ச் சேர்ந்தபோது துரை படியில் இறங்கிக்கொண்டிருந்தார். பெரட்டுக் களம் இருக்க இங்கே ஏன் வந்தீர்கள் என்று கேட்டார். கருப்பம்மா முன்னால் வந்தாள். அவளுக்கு ஒரு கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை.

"மலையில இருந்தவரைக்கும் அந்தக் குளவிய ஒருத்தரும் ஏறிட்டுப் பாக்கலீங்க தொர. பங்களாவுக்கு வந்த அன்னைக்கே அதுக்கு ஒரு முடிவு கெடைச்சிருச்சு" என்றாள். "அதான் நாங்களும் இங்கயே வந்துட்டோம்."