சிங்கத்தார் உடைத்த தேங்காய்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் வீடு எடுத்து வைத்துக்கொண்டு ஆப்பிரிக்காவில் குடித்தனம் நடத்திய ஒரே மனிதர் எங்கள் சிங்கத்தார்தான். முதியோர் இல்லத்துச் சமையலறையில் நானும் அவரும் பதினொரு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

உருளைக்கிழங்கு சீவ உட்கார்ந்தால் செரங்கெட்டிக் காட்டின் சரித்திரம் தொடங்கிவிடும். வெள்ளைக்காரர் வந்து சிங்கங்களைச் சுட்டுத் தள்ளினார்களாம். மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டுமென்று காட்டை ஒதுக்கினார்களாம். பிறகு, அங்கே மாடு மேய்த்த மசாய் சனத்தை எழும்பிப் போகச் சொன்னார்களாம். இந்த இடம் வந்ததும் சிங்கத்தாரின் கத்தி நின்றுவிடும்.

"சுட்டவனை விட்டிட்டு மாடு வச்சிருந்தவனை எழுப்பியிருக்கிறாங்கள் அக்கா! அந்த மண்ணை நான் ஒருக்காப் பாக்க வேணும்."

"முதல்ல கிழங்கைப் பாருங்கோ. பாதி தோலோட கிடக்கு."

ஒரு வருடம் மகளின் கலியாணம், ஒரு வருடம் முழங்கால் ஒப்பரேஷன் என்று பயணம் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் இதய டொக்டர், "போவதென்றால் இந்த வருடம் போங்கள், இனி விமானம் கூடாது" என்று சொல்லிவிட்டார். ஓய்வு பெற்ற நாங்கள் ஐந்து பேர் அவரோடு கிளம்பினோம்.

காட்டு வாசலில் சீட்டெல்லாம் காட்டி முடித்தாயிற்று. அப்போது பார்த்துச் சிங்கத்தார் பையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்தார். தூரப் பயணம், புது வண்டி. எங்கள் ஆட்கள் சும்மா போவார்களா? சக்கரத்துக்கு முன்னால் ஓங்கி அடித்தார். ஒரு பாதி தரையில். மறு பாதி, வண்டிக் கூரையில் ஏறிவிட்ட ஒரு பெரிய குரங்கின் கையில்.

காவல் அதிகாரி ஓடி வந்தார். மிருகத்துக்குத் தீனி போடுவது குற்றம், வந்த வழியே திரும்புங்கள் என்றார். எங்கள் சாரதிக்கு ஜெர்மன் தெரியும். அவர்தான் எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். சிங்கத்தாரின் முகம் வெளிறிவிட்டது. கூரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஐயா, அதைத் தாங்கோ. எனக்கு இனி வர ஏலாது."

"குரங்கிட்டயே மெடிக்கல் ரிப்போட்டைச் சொல்லுறீங்கள்?" என்றேன்.

குரங்கு நிதானமாகச் சுரண்டித் தின்றுவிட்டுச் சிரட்டையை அவர் தொப்பிமேல் போட்டது. அதிகாரி மசியவில்லை.

"எதற்கு உடைத்தீர்கள்?" என்று சாரதி கேட்டார்.

"ஒரு இடத்துக்குள்ள போகமுதல் கும்பிட்டுக் கேக்கிறது."

சாரதி அதிகாரியிடம் தங்கள் பாஷையில் நெடுநேரம் கதைத்தார். அப்பாவைப் பெற்ற தன் அப்பப்பாவும் பால் தெளித்துவிட்டுத்தான் புது இடத்தில் கால் வைப்பார் என்று சொன்னாராம். அந்த அப்பப்பா இதே காட்டிலிருந்து எழுப்பப்பட்டவராம். கடைசியில், ஒரு துண்டு கிடக்கக்கூடாது என்ற கட்டளையோடு அனுமதி கிடைத்தது. ஆறு கிழங்கள் முழங்காலில் நின்று தேங்காய் பொறுக்கினோம்.

உள்ளே ஒரு மரத்தடியில் இரண்டு சிங்கங்கள் படுத்திருந்தன. எல்லோரும் போனைத் தூக்கினோம். சிங்கத்தார் திரும்பியும் பார்க்கவில்லை.

"தம்பி, உங்கட அப்பப்பான்ர மாடுகள் எங்க நிண்டது?"

சாரதி வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக் கையைக் காட்டினார். வெறும் புல். கண்ணுக்கு எட்டியவரை புல்.

இறங்கக்கூடாது என்பது சட்டம். ஆகவே சிங்கத்தார் வண்டிக்குள்ளேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு எழுந்து நின்றார்.

வண்டி புறப்பட்ட குலுக்கலில் சப்பாத்துகள் என் காலடிக்கு உருண்டு வந்தன. நாற்றத்தைச் சொல்லி வேலையில்லை. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவராகக் கேட்கும்வரை கொடுக்கவில்லை.