சுத்தத் தண்ணி அண்ணன்

மதுரை வெயிலைத் திட்டினால் சண்டைக்கு வருகிற ஒரே மனிதர் எங்கள் சுத்தத் தண்ணி அண்ணன்தான். காளவாசல் சிக்னலில் சர்பத் குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "என்னா வெயிலு, மனுசன் இருப்பானா?" என்று சொல்லப்போக, அண்ணன் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

"இம்புட்டு வெயிலு சும்மா கொட்டுது. அதை வச்சுத் தண்ணியில இருந்து ஹைட்ரஜன் எடுக்கத் துப்பில்ல, வெயிலைக் குறை சொல்றீகளா?"

அந்த ஆள் பாதி சர்பத்தை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கல்லூரி ஆய்வகத்தில், முனைவர் பட்ட ஆய்வில் நான் இரண்டாம் வருடம், அவர் ஆறாம் வருடம். கண்ணாடிக் குடுவையில் தண்ணீரும் வினையூக்கிப் பொடியும் போட்டு, காற்றை வெளியேற்றி, ரப்பர் மூடி போட்டு மொட்டை மாடியில் வைப்போம். வெயில் பட்டதும் பொடி தண்ணீரை உடைத்து ஹைட்ரஜன் தர வேண்டும். வெறும் தண்ணீர் லேசில் உடையாது. அதனால் கொஞ்சம் மெத்தனால் ஊற்றுவோம், ஆக்சிஜன் பங்கை அது வாங்கிக்கொள்ளும், ஹைட்ரஜன் மட்டும் பொங்கி வரும். எல்லா ஆய்வகத்திலும் உள்ள பழக்கம்தான், கட்டுரையிலும் ஒளிக்காமல் எழுதிவிடுவோம்.

அண்ணனுக்கு அது ஆகாது. "தண்ணிக்கு லஞ்சம் குடுத்து வேலை வாங்குறீங்களேடா! லாரி லாரியா மெத்தனால் ஊத்தித்தான் ஊருக்கு ஹைட்ரஜன் குடுப்பீகளா?" நியாயம்தான். ஆனால் நியாயம் பேசுகிறவரோடு ஒரே அறையில் ஒரு வாரம் இருந்து பார்த்தால் தெரியும்.

பக்கத்துக் கட்டடத்தில் பிறந்தநாள் பிளெக்ஸ் கட்டினார்கள். அண்ணன் நேரே போய், "உங்க தலைவர் மூக்கு என் குடுவை மேல நிழலா விழுது, கொஞ்சம் நகத்துங்கண்ணே" என்றார். அடி வாங்காமல் கூட்டிவந்தது என் சாமர்த்தியம்.

அவர் குடுவையில் சில நாள் துளி வாயு வரும், பல நாள் அதுவும் வராது. கடைசியில் பேராசிரியர் குழு ஒன்று நேரில் வந்து பார்ப்பதாகவும், அன்று வாயு வராவிட்டால் அவர் பதிவு ரத்து என்றும் கடிதம் வந்தது. ஆறு வருட உழைப்பு! எனக்குப் பொறுக்கவில்லை. அன்று காலை அவர் டீ குடிக்கப் போன நேரம், ரப்பர் மூடி வழியாக ஊசியால் மெத்தனாலை ஏற்றிவிட்டேன்.

உச்சி வெயிலில் குமிழி மொய்த்தது. வாயுவை எடுத்து, மாடிக்கே தூக்கி வந்திருந்த கருவியில் செலுத்தினால், ஹைட்ரஜன் கோடு திரையின் உச்சிக்கே போனது. "பிரமாதம்! கையெழுத்துப் போட்டுடலாம்" என்றார் குழுத் தலைவர். அண்ணன் முகம் கறுத்தது.

"தண்ணி உடைஞ்சா ரெண்டு பங்கு ஹைட்ரஜனோட ஒரு பங்கு ஆக்சிஜனும் வரணும். எங்க சார் ஆக்சிஜன்? யாரோ மெத்தனால் கலந்திருக்காக. இது செல்லாது!"

"எல்லாரும் ஊத்துறதுதானப்பா, விடு."

"நான் ஊத்தல சார்!" என்று கத்தியவர், குடுவையைக் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையே கவிழ்த்திருப்பேன்.

புதுக் குடுவை, புதுத் தண்ணீர். குழுவில் ஒருவரையும் கீழே விடவில்லை. தலையில் கைக்குட்டையோடு மூன்று பேராசிரியர்கள் இரண்டு மணி நேரம் வெந்தார்கள். பிறகு திரையில் இரண்டு சின்ன மேடுகள் எழுந்தன. கணக்குப் போட்டால், ஹைட்ரஜன் ஆக்சிஜனைப் போல இரண்டு மடங்கு. "இன்னும் ஒரு வருசம் தர்றோம், எங்களைக் கீழ விடுப்பா" என்றார் தலைவர்.

சாயங்காலம் அண்ணன் என் மேசைக்கு வந்தார். "மாப்ள, உன் மெத்தனால் பாட்டில் குறைஞ்சிருக்கே." நான் பாட்டிலை அலமாரிக்குள் தள்ளினேன். "வா, டீ குடிக்கலாம்" என்றார். அதைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான்.

இன்று எனக்கென்று ஓர் ஆய்வகம் இருக்கிறது. அந்த மனிதரால் நானும் வெறும் தண்ணீரில்தான் செய்து தொலைக்கிறேன். வாயு வராத நாளெல்லாம் போன் போட்டு அவரைத் திட்டுகிறேன். திட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் வெயில்ல வையி மாப்ள" என்கிறார். வைக்கிறேன்.