பின்னிருக்கைப் பென்சில்

மழை இல்லை, வானில் மேகத்தின் சுவடும் இல்லை. ஆயினும் காரின் முகப்புக் கண்ணாடிமேல் இரண்டு வைப்பர்களும் இடமும் வலமுமாய் வீசி, காய்ந்த கண்ணாடியைத் தேய்த்துக் கிறீச்சிட்டன. திரும்பும் விளக்கைப் போட நினைத்த உளவியல் ஆலோசகர் அம்மையார் வேறொரு கம்பியை இழுத்துவிட்டார். ஓட்டுநர் உரிமத் தேர்வு தொடங்கி இன்னும் ஒரு நிமிடம் ஆகவில்லை.

"மேடம், அது வைப்பர்," என்று உதடு அசையாமல் முணுமுணுத்தார் அருகில் அமர்ந்திருந்த பயிற்சியாளர். தம் காலடியிலும் ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு காலந்தள்ளுபவராதலின், பயின்றோர் அவருக்குச் சூட்டிய பெயர் பிரேக்கண்ணன்.

"தெரியுதுண்ணே. எதைத் தொட்டா நிக்கும்?"

"டெஸ்ட் நடக்கும்போது நான் பேசக்கூடாது மேடம்."

"இப்ப பேசினீங்களே?"

"அது பேச்சு இல்ல மேடம், பயம்."

பின்னிருக்கையில், மடியில் அட்டையும் கையில் பென்சிலுமாக வீற்றிருந்தார் தேர்வு அதிகாரி. அவர் வாய் திறப்பதில்லை. இடக் கண்ணாடியில் ஒரு தட்டு என்றால் இடப்பக்கம் திரும்ப வேண்டும். வலக் கண்ணாடியில் என்றால் வலம். இருக்கையின் முதுகில் இரு தட்டு என்றால் நிறுத்தம். வாய் திறந்தால் இரக்கம் மேலிட்டுவிடும் என்றஞ்சியே அவர் இவ்வாறு மௌனம் பூண்டார் என்பர். பூண்டும் பயனில்லை, பதினோர் ஆண்டுகளில் அவர் ஒருவரையும் தோல்வியுறச் செய்ததில்லை.

"ஆபீஸ் கேட்டைப் பேத்துக்கிட்டுப் போனவனுக்கே பாஸ் போட்டவர் மேடம். வண்டி நகர்ந்தா போதும், உரிமம் உங்க கையில," என்று பிரேக்கண்ணன் காலையில் அபயம் அளித்திருந்தார்.

அம்மையாருக்கு அந்த உரிமம் உயிர்நாடி. மலைமேல் புதிதாகத் திறக்கவிருந்த மருத்துவமனை, மனநலப் பிரிவுக்குத் தலைமையேற்க அவரை அழைத்திருந்தது. மலைச்சாலையில் தாமே வண்டி ஓட்டிச் சென்று நோயாளரைக் காண வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. மாத முடிவுக்குள் உரிமத்தைக் காட்டியாக வேண்டும். தேர்வோ செவ்வாய்தோறும் மட்டுமே நடக்கும். மாதத்தில் எஞ்சியிருந்தவை இரண்டே செவ்வாய்கள்; இன்று அவற்றுள் முதலாவது.

'கழுதை! விளக்கு எது, வைப்பர் எதுன்னு தெரியாம ஏழு மாசமா என்னத்தைக் கத்துக்கிட்டே?' என்று உள்ளிருந்து ஒரு குரல் சீறிற்று. அம்மையாரின் அகத்தே குடியிருந்த அக்குரல், அவர் பள்ளிக்குச் சென்ற நாள்தொட்டு விடுப்பே எடுத்ததில்லை.

நகைப்புக்குரியது யாதெனில், அக்குரலை அடக்கும் கலையைப் பிறர்க்குக் கற்பிப்பதே அவருடைய தொழில். அவர் பணிபுரிந்த தொலைபேசி ஆலோசனை நிலையத்தில் பெயர் கேட்பதில்லை, முகம் காண்பதில்லை. அழைப்போர் தத்தமக்குரிய கிழமையாலும் மணியாலுமே அறியப்படுவர். பழம்பாடல்களில் தலைவி தன் நெஞ்சை விளித்துப் பேசுவாள்; அடியவர் தம் நெஞ்சைக் குழந்தைபோல் கைப்பிடித்து அழைத்துச் செல்வர். அம்மையார் அதனையே தொலைபேசியில் நடத்திவந்தார். நிகழ்வதைத் தீர்ப்பிடாமல் கவனி. உன்மேல் நீயே பரிவு கொள். யார் முகமும் வாடக் காணப் பொறாமல், 'இல்லை' என்னும் சொல் நாவில் ஏறாமல், பின்பு உறக்கமின்றித் தவிக்கும் 'வெள்ளி நான்கு மணி'க்காரரிடம் சென்ற வாரந்தான் சொல்லியிருந்தார்: "நெஞ்சில கையை வெச்சு, நெருங்கின சிநேகிதன்கிட்ட பேசற மாதிரி உங்ககிட்டயே பேசுங்க. உள்ள இருக்கிறவரும் பாவம்தானே?"

ஊருக்கு வழங்கிய மருந்தைத் தாமும் ஒருமுறை அருந்திப் பார்ப்பதென அக்கணமே முடிவு செய்தார் அம்மையார். விபரீதம் அங்கே தொடங்கிற்று.

முதற்கண், தீர்ப்பிடாமல் கவனித்தல். வைப்பரைக் கவனித்தார். அது இடம் போயிற்று, வலம் வந்தது. அதன் கிறீச்சொலியிலும் ஒரு தாளம் இருப்பதை உணர்ந்தார். முழு உள்ளமும் வைப்பரில் ஒன்றிவிட, சாலை வளைந்ததை அறியாமல் கார் நேரே சென்று, நாற்சந்தியின் நடுவிலிருந்த புல்மேட்டில் ஏறி நின்றது. பிரேக்கண்ணன் தம் பிரேக்கின்மேல் எழுந்தே நின்றுவிட்டார்.

"மேடம்! ரோடு! ரோடு அந்தப் பக்கம்!"

"கவனிச்சேண்ணே."

"எதை?"

"வைப்பரை."

பின்னாலிருந்து ஒலியில்லை, பென்சில் அட்டையில் ஏதோ கிறுக்கும் ஓசை மட்டும் கேட்டது.

புல்மேட்டிலிருந்து இறங்கிய கார், சிவப்பு விளக்கின்முன் நின்றது. அடுத்த மருந்து, மூச்சு. அம்மையார் கண்களை மூடினார். "மூச்சு உள்ளே... மூச்சு வெளியே..." என்று வாய்விட்டே சொன்னார். உள்ளம் தெளிந்த நீர்நிலைபோல் அடங்கிற்று. அந்த அமைதியில் விளக்கு பச்சையாயிற்று, மீண்டும் சிவந்தது, மறுபடியும் பச்சையாயிற்று.

"மேடம், பச்சை போட்டு ரெண்டு ரவுண்டு போயிடுச்சு!"

திடுக்கிட்டுக் கண் திறந்தவர், மூன்றாம் மருந்தை நாடினார். ஸ்டீயரிங்கிலிருந்து வலக்கையை எடுத்து நெஞ்சில் வைத்தார். இட முழங்கையோ ஹாரன்மேல் ஊன்றிக்கொண்டது. அதன் பேரோசைக்கு மேலாகத் தம் நெஞ்சைத் தேற்றும்பொருட்டு அவர் உரக்கப் பேச வேண்டியதாயிற்று.

"பரவாயில்லைம்மா! எல்லாருக்கும் நடக்கிறதுதான்! இந்தக் கஷ்டத்துல நீ தனியா இல்ல!"

பின்னால் நின்ற வேனின் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். "தனியா இல்லைதாம்மா! உங்க பின்னாடி முப்பது வண்டி நிக்குது!"

கார் கிளம்பிற்று. எங்கிருந்தோ கருகல் நாற்றம் எழுந்தது. "கிளட்ச்சுல இருந்து காலை எடுங்க மேடம்," என்று பிரேக்கண்ணன் கெஞ்சினார். எடுத்தார், நாற்றம் மேலும் வலுத்தது. கார் ஏதோ பாறையைக் கட்டி இழுப்பதுபோல் முனகிக்கொண்டு அலுவலக முற்றத்தை வந்தடைந்தது.

எஞ்சியது, இரு டிரம்களின் நடுவே பின்னோக்கிச் சென்று நிறுத்துவது ஒன்றே. அம்மையார் தம்மைத் தாமே பாராட்டலானார்.

"ரொம்ப நல்லாப் பண்றேடா கண்ணு. இன்னும் கொஞ்சம். ஆங், அப்படித்தான்."

அப்படித்தான் டிரம் சாய்ந்தது. சாய்ந்தது உருண்டது. உருண்டது, விண்ணப்பத்தோடு வரிசையில் நின்றவர்களை இரு கூறாக்கி, பூந்தொட்டி மூன்றை உடைத்து, அறிவிப்புப் பலகையின் அடியில் சென்று இளைப்பாறிற்று.

இருக்கையின் முதுகில் இரு தட்டு விழுந்தது.

மேல்கண்ணாடியில் அம்மையார் பார்த்தார். அதிகாரி கண்களை மூடியிருந்தார். ஒரு கை அவருடைய சட்டைப் பைக்குள் எதையோ துழாவுவதுபோல் நெஞ்சின்மேல் கிடந்தது. உதடுகள் ஒலியின்றி அசைந்தன.

"மாரடைப்பா அண்ணே?" என்று கிசுகிசுத்தார் அம்மையார்.

"உங்க ஓட்டத்துக்கு எனக்குத்தான் மேடம் முதல்ல வரணும்."

அதிகாரி கண் திறந்தார், எழுதினார், தாளைக் கிழித்து முன்னிருக்கைக்கு நீட்டிவிட்டு, இறங்கி விரைந்து நடந்தார். அதில் 'தேர்ச்சியில்லை' என்றிருந்தது.

பிரேக்கண்ணன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பதினோரு வருஷத்துல முதல் ஆள் நீங்கதான் மேடம். இதை ஃபிரேம் போட்டு மாட்டணும்."

உள்குரல் சீறும் என அம்மையார் காத்திருந்தார். அது வந்தது, வாய் திறந்தது, முற்றத்தில் பூந்தொட்டிகளுக்கு நடுவே கிடந்த டிரம்மைக் கண்டது, சிரித்துவிட்டது. அம்மையாரும் ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஹாரன் மறுபடி ஒலித்தது.

வீட்டின் கதவைத் திறந்த மகள், தாயின் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பா! அம்மா சிரிச்சுக்கிட்டே வர்றாங்க!"

"அப்ப என்னத்தையோ இடிச்சிருக்கா," என்று உள்ளிருந்து பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை சரியாக நான்கு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. வாரந்தோறும் பெருமூச்சோடு தொடங்கும் குரல், அன்று துள்ளிற்று.

"மேடம், சொல்லிட்டேன்!"

"எதைச் சொன்னீங்க?"

"இல்லைன்னு! ஆபீஸ்ல ஒரு அம்மாவுக்கு. பதினோரு வருஷத்துல முதல் தடவை!"

குறிப்பெழுதிய அம்மையாரின் பேனா நின்றது. எந்த அலுவலகம் என்று வினவ நா துடித்தது. நிலையத்தின் விதி தடுத்தது. வினவத் தேவையும் இருக்கவில்லை.

"டிரம்மு உருண்டு போனப்பகூட என் கை வழக்கம்போல பாஸ்னு எழுதத்தான் போச்சு மேடம். அப்பதான் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. நெஞ்சில கையை வெச்சேன். 'பயப்படாதேடா, இல்லைன்னு சொல்றதால நீ கெட்டவன் ஆயிட மாட்டே'ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். எழுதிட்டேன்!"

ஆலோசகர் ஒருவரும், தோற்ற ஓட்டுநர் ஒருவரும் அம்மையாரின் ஒரே நாற்காலியில் நெருக்கியடித்து அமர்ந்திருந்தனர். ஓட்டுநரே முந்திக்கொண்டார்.

"அந்த அம்மா பாவம்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?" குரலில் ஒரு சுருதி ஏறிவிட்டிருந்தது.

"தோணுச்சு மேடம். மலை ரோட்டுல ஓட்டணும்னு விண்ணப்பத்துல எழுதியிருந்தாங்க. பாவம்னு பாஸ் போட்டு, முதல் வளைவுல அவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? பாவம்னுதான் மேடம் ஃபெயில் போட்டேன்."

எட்டு மாதங்களாக வெள்ளிதோறும் இவருக்குத் தாம் கற்பித்த பாடத்தை இத்துணைத் தெளிவாகத் தாமும் சொன்னதில்லை என்பது அம்மையாருக்குப் புலனாயிற்று. நாற்காலியில் ஓட்டுநர் ஒதுங்கி, ஆலோசகருக்கு இடம் விட்டார்.

"ரொம்பப் பெருமையா இருக்குங்க," என்றார். மெய்யாகவே பெருமையாகத்தான் இருந்தது. "அந்த அம்மா அழுதாங்களா?"

"வண்டிக்குள்ளயே விழுந்து விழுந்து சிரிச்சாங்க மேடம். ஜன்னல்ல நின்னு பார்த்தேன். அன்னிக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்கினேன்."

நல்லவேளை, இவருக்கு ஒன்றும் தெரியாது என்று அம்மையார் ஆறுதல் பெருமூச்செறிந்தார். "சரிங்க, அடுத்த வெள்ளிக்கிழமை இதே நேரம் பேசுவோம்."

"ஆகட்டும் மேடம்," என்றது குரல், பணிவு சற்றும் குன்றாமல். "ஆனா செவ்வாய்க்கிழமை வரும்போது கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டே மூச்சு விடுங்க; அப்படியே அந்த ஹேண்ட்பிரேக்கையும் கீழ இறக்கிட்டு ஓட்டுங்க."