கொழும்புப் பார்சல்

கஜந்தினி வேலை முடிந்து, தாங்கள் குடியேறியிருந்த பிரெஞ்சு பேசும் நகரின் சென்ட் லோரன்ட் பகுதி வீட்டுக்குள் நுழைந்தபோது, மாமியாரின் கோயில் கூட்டாளி ஜெகதீஸ்வரி மடியில் ஒரு பார்சலோடு சோபாவில் காத்திருந்தார்.

"கொழும்புக்குப் போறியாம், பிள்ளை. என்ர தங்கச்சிக்கு ஒரு சீலை. பெரிய பாரமில்லை."

கஜந்தினி போகவிருந்தது கொழும்புக்கு அல்ல, கொலம்பியாவுக்கு. தென்னமெரிக்காவில், பசிபிக் கரையோரத்து ஆற்றூர் ஒன்றில், ஆபிரிக்க வழிவந்த மக்களிடையே எர்மினியா என்றொரு பாடகி இருந்தார். அவருடைய குழுவினர் மரக்கட்டைகளின் கீழே மூங்கில் குழாய்கள் தொங்கும் மரிம்பா என்ற வாத்தியத்தை அடித்துப் பாடுவார்கள். அந்தப் பாட்டோடு தன் வயலினைச் சேர்த்து ஓர் இசைத்தொகுப்புச் செய்யவேண்டும் என்பது கஜந்தினியின் நெடுநாள் ஆசை. எத்தனையோ வீடியோ அழைப்புகளுக்குப் பிறகு எர்மினியா ஒருவழியாக வரச் சொல்லியிருந்தார். வயலினும் மைக்கும் தவிர ஓர் ஊசிகூடக் கொண்டுபோவதில்லை என்று கஜந்தினி வீட்டில் கறாராகச் சொல்லிவைத்திருந்தாள்.

மாமியார் குணேஸ்வரி அவளைச் சமையலறைக்குள் இழுத்துப்போனார்.

"நான் கொழும்பு எண்டுதான் விளங்கினனான். கோயிலில எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். இப்ப மாத்திச் சொன்னால், குணேஸ்வரிக்குக் காது கேக்காது எண்டு சிரிப்பினம். ஒரு சீலைதானே, வாங்கி வை."

ஒரு சீலைதானே என்று கஜந்தினியும் வாங்கி வைத்தாள்.

மறுநாள் நகரின் மறுகோடியான பியர்பொன்ட்ஸிலிருந்து, அதே கோயில் கூட்டத்து அரியரத்தினம் வந்தார். காரிலிருந்து ஒரு பெரிய டின்னை இறக்கினார். உள்ளே முறுக்கு. கொழும்பில் முறுக்குக்கா பஞ்சம் என்று கஜந்தினி மெல்லக் கேட்டுப் பார்த்தாள். தன் மனைவியின் கைமுறுக்கு அங்கே எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவர் திருப்பிக் கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். சீலைகள், பயத்தம் உருண்டை, மேப்பிள் சிரப், யாரோ ஒரு மருமகளின் நடனத்துக்கென்று ஒரு சோடிச் சலங்கை. கட்டிலுக்கடியில் இருந்த வெற்றுச் சூட்கேஸ் நிரம்பத் தொடங்கியது.

கணவன் தனுஜன் ஒரு யோசனை சொன்னான். விமானத்தில் பாரம் ஏற்றவிடமாட்டார்கள் என்று சொன்னால் கதை முடிந்தது. கஜந்தினி அப்படியே எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னாள். அன்று மாலையே அரியரத்தினம் ஒரு தொங்குதராசோடு வந்து, பெட்டியைத் தூக்கி எடை பார்த்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் திரும்ப அடுக்கினார். அடுக்கிய பிறகு பெட்டியில் பாதி இடம் மிஞ்சியது. பெட்டியில் இடமிருக்கிறது என்று அவரே மற்றவர்களுக்குப் போன் போட்டார்.

கொழும்பில் வேலை அதிகம், வீடு வீடாகப் போய்க் கொடுக்க நேரம் இருக்காது என்று அடுத்ததாகச் சொல்லிப் பார்த்தாள். ஜெகதீஸ்வரி கொஞ்சமும் அசரவில்லை. தங்கச்சி வான் வண்டியோடு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கே வருவாள், வெள்ளவத்தை வீட்டுக்குக் கூட்டிப்போய் மத்தியானச் சாப்பாடும் தந்துதான் விடுவாள் என்றார். நண்டுக் கறி பிடிக்குமா என்று வேறு கேட்டார். இல்லாத விருந்துக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், பிடிக்கும் என்று சொல்லிவிட்டாள் கஜந்தினி.

கடைசித் திட்டம் அவளுடையது. விமான நிலையம் வரைக்கும் சூட்கேஸைக் கொண்டுபோவது, தனுஜனின் காரிலேயே அதை விட்டுவிட்டு ஏறுவது, பிறகு உண்மையாகவே கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவது. நல்ல திட்டம்தான். ஆனால் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, வழியனுப்புவதற்காகக் குணேஸ்வரியும் ஜெகதீஸ்வரியும் அரியரத்தினத்தின் வண்டியில் முன்னதாகவே வந்து நின்றார்கள். "நீ தூக்காத பிள்ளை" என்று சொல்லி, அரியரத்தினம் தானே சூட்கேஸைக் காரிலிருந்து இறக்கிக் கவுண்டரில் ஏற்றினார்.

பாரம் கூடிவிட்டது. ஒரு பெட்டியைக் குறைக்க வேண்டும். மூன்று பெரியவர்களும் சூட்கேஸைச் சுற்றி நிற்க, மைக் தாங்கிகளும் நல்ல மைக்குகளும் இருந்த பெட்டி தனுஜனின் கைக்குத் திரும்பிப் போனது. வயலினும் ஒலிப்பதிவுக் கருவியும் ஒரேயொரு மைக்கும் மிஞ்சின.

"பொகோத்தா?" என்று கவுண்டர் பெண் உரக்கக் கேட்டாள்.

கொலம்பியாவின் தலைநகரைச் சொல்லிவிட்டாளே என்று கஜந்தினி அவசரமாகத் தலையாட்டினாள். நல்லவேளையாக, ஜெகதீஸ்வரி அந்த நேரம் கூரையிலிருந்த விளக்குகளை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொகோத்தாவிலிருந்து இன்னொரு விமானம், பிறகு படகு. படகுக்காரர் சூட்கேஸைத் தூக்கும்போது, உள்ளே கல்லா என்று கேட்டார். பிரெஞ்சு தெரிந்தவளுக்கு ஸ்பானிய மொழி அரைகுறையாகப் பிடிபட்டது. கல்லைவிட மோசம் என்றாள்.

எர்மினியா நெடிய, அகன்ற பெண்மணி. சிரித்தால் அவருடைய மரவீடே அதிரும். ஆனால் முதல்நாள் அவர் சிரிக்கவில்லை. அந்த ஒற்றை மைக்கை நடுவில் வைத்ததும், பாடகிகள் எல்லோரும் பாஸ்போர்ட் படத்துக்கு இருப்பதுபோல விறைத்துப்போனார்கள். மரிம்பா ஒரு பக்கம் போக வயலின் இன்னொரு பக்கம் போனது. திரும்பத் திரும்ப எடுத்தும் ஒன்றும் உருப்படவில்லை. கஜந்தினி வயலினை மடியில் வைத்துவிட்டாள். இவ்வளவு தூரம் வந்து வெறும் சத்தத்தையா கொண்டுபோகப் போகிறோம்?

எர்மினியா மூலையில் கிடந்த சூட்கேஸைக் காட்டி, அதில் என்ன என்று கேட்டார். அதை விளக்க அவளிடம் ஸ்பானிய மொழியும் போதவில்லை, தெம்பும் போதவில்லை. திறந்து காட்டினாள்.

முறுக்கு டின் தான் முதலில் போனது. எர்மினியா ஒன்றைக் கடித்தார். அந்த 'நொறுக்' சத்தத்துக்கு குழுவின் மத்தளக்காரர் ஓர் அடி போட்டார். இன்னொருத்தி கடித்தாள், இன்னொரு அடி. கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க முறுக்குத் தாளம். அடுத்ததாகச் சீலைகள் வெளியே வந்தன. அவை தங்களுக்கு அல்ல என்று சொல்லக் கஜந்தினி வாயெடுத்தாள். அதற்குள் ஜெகதீஸ்வரியின் மயில்பச்சைச் சீலையை எர்மினியா தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடியைத் தேடிப் போயிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபிறகு யாருக்கு மனம் வரும்? கஜந்தினி எழுந்துபோய்க் கொய்யகம் மடித்துச் சீலையைக் கட்டிவிட்டாள்.

சலங்கையை ஆளுக்கொரு காலில் கட்டிக்கொண்டு இரண்டு பேர் பாட்டைத் தொடங்கினார்கள். இந்தத் தடவை மைக்கை யாரும் கவனிக்கவில்லை. மரிம்பா ஆறுபோல ஓட, வயலின் அதற்குள் இறங்கி நீந்தியது. எர்மினியா ஓரடி பாடி நிறுத்தினால் கஜந்தினி அதை இழுத்து வளைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை இன்னும் வளைத்துத் திருப்பி அனுப்பினார். முடிந்தபோது எல்லோரும் வேர்த்து வழிந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வரிகளுக்கு நடுவே யாரோ முறுக்குக் கடிக்கும் சத்தம் தெளிவாகப் பதிந்திருந்தது. கஜந்தினி அதை வெட்டவில்லை.

சந்தோசம் திரும்பி வரும் விமானம் வரைக்கும்தான். ஊராரின் சாமானை எல்லாம் முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு போய் நிற்பது? போதாக்குறைக்கு, எர்மினியா மயில்பச்சைச் சீலையில் நிற்கும் படத்தைக் குழுவினர் இணையத்தில் போட்டிருந்தார்கள். அது எப்படியும் கோயில் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

அதற்கு முந்திக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது என்று முடிவெடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஜெகதீஸ்வரியையும் அரியரத்தினத்தையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, முதலில் பாட்டைப் போட்டுக் காட்டினாள். அரியரத்தினத்தின் கால் தாளம் போட்டது. முறுக்குச் சத்தம் வந்த இடத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டு முடிந்ததும் கஜந்தினி எழுந்து நின்றாள்.

"அன்ரி, நான் கொழும்புக்குப் போகேல்லை. போனது கொலம்பியாவுக்கு. உங்கட தங்கச்சியின்ர சீலை இப்ப இந்தப் பாட்டுப் பாடின எர்மினியாவிட்ட இருக்கு. மற்றச் சாமானும் அங்கதான். ஆரிட்டையும் கேக்காமல் குடுத்திட்டன். என்னை மன்னிக்கவேணும்."

அரியரத்தினம் குணேஸ்வரியைப் பார்த்தார். குணேஸ்வரி, திடீரென்று அடுப்பில் தேத்தண்ணி வைத்த ஞாபகம் வந்தவராய், எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

ஜெகதீஸ்வரி கஜந்தினியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார்.

"எனக்கு ஏது பிள்ளை தங்கச்சி? பாட்டுக்கார மனிசியின்ர வீட்டுக்கு நீ வெறுங்கையோட போகப்போறாய், கொழும்பு எண்டு சொன்னால்தான் தன்ர மானம் போகக்கூடாதெண்டு வாங்கிக்கொண்டு போவாய் எண்டு உன்ர மாமிதான் எங்களிட்டச் சொல்லி வைச்சவ. அதை விடு, அவவுக்குச் சீலை நீளம் போதுமா இருந்ததோ?"