கனிவாக மூடப்பட்ட குழி

உலக நாகரிக வரலாற்றை இனி இரண்டாகத்தான் பிரிக்க வேண்டும்: நகராட்சியின் குறைதீர்ப்புப் பிரிவில் தானே பதில் எழுதும் இயந்திரம் வருவதற்கு முன், வந்த பின். முன்னது இருண்ட காலம். ஒரு புகாருக்குப் பதில் எழுத மூன்று வாரம் ஆகும். காரணம், யாராவது ஒருவர் வெயிலில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியிருந்தது. அந்தக் காட்டுமிராண்டித்தனத்தை ஒழித்தவர் கண்காணிப்பாளர்.

இப்போது புகாரைக் கணினிக்குள் போட்டால் நாற்பது நொடியில் பதில். அதுவும் என்ன பதில்! கல்லும் கரையும். பதில் தபாலில் சேர்ந்தால் குறை தீர்ந்தது, கோப்பு மூடப்பட்டது என்பது அந்த அலுவலகத்தின் பழைய மரபு. மரபையும் புதுமையையும் இப்படி இணைத்ததற்காக அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். அதை நாற்காலியிலேயே விரித்து அதன்மேல் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார், ஒரு நாளைக்கு இருநூறு.

ஒரே ஒரு குறை, எதிர் மேசை எழுத்தர் அம்மா. அவருக்கு வாசிக்கும் கெட்ட பழக்கம் உண்டு.

"சார், இந்தச் சாக்கடைக் குழி மூடியாச்சுன்னு போட்டிருக்கு. யாராவது போய்ப் பாத்தாங்களா?"

"ஏம்மா, கடிதத்தைப் படிச்சீங்கல்ல? 'முழுமையாக மூடப்பட்டுள்ளது.' எவ்வளவு உறுதி! நேர்ல போய்ப் பாத்தவன்கூட இவ்வளவு உறுதியா எழுத மாட்டான்."

"இயந்திரத்துக்கு எப்படி சார் தெரியும்?"

"நம்ம பழைய கோப்பையெல்லாம் படிச்சிருக்கும்மா. எல்லாத்துலயும் வேலை முடிஞ்சதுன்னுதானே இருக்கு?"

எழுத்தர் அம்மா வாயை மூடிக்கொண்டார். அன்று மூடப்பட்டது அது ஒன்றுதான்.

அந்தக் குழி கண்காணிப்பாளரின் சொந்த அக்கா வீட்டுச் சந்தில் இருந்தது. மூன்று மாதமாக அக்கா சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். "எழுதிக் குடுக்கா, முறைப்படி வரட்டும்" என்றார் தம்பி. எழுதிக் கொடுத்தாள். முறைப்படி வந்தது. முறைப்படி, பார்க்காமலே கையெழுத்திட்டார்.

'மதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் கவலை எங்கள் நெஞ்சைத் தொட்டது. அக்குழி முழுமையாக மூடப்பட்டுள்ளது. இனித் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அவ்வழியே அச்சமின்றி நடக்கலாம்.'

அக்காவின் கணவர் தையல்காரர். அதுவரை குழிக்குப் பயந்து ஊரைச் சுற்றிக் கடைக்குப் போனவர், கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். மச்சான் கையெழுத்து வேறு. சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, மோவாய் வரை துணிக்கட்டை அடுக்கிக்கொண்டு, குறுக்குச் சந்தில் அச்சமின்றி நடந்தார்.

வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. தையல் மிதிக்கிற கால்.

ஆஸ்பத்திரிக்குக் கண்காணிப்பாளர் ஓடி வந்தார். மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"மச்சான், இல்லாத குழியில விழுந்தேன்ல, வலி மட்டும் எப்படி இருக்கு பாருங்க" என்றார் தையல்காரர்.

"மன்னிச்சிருங்க அத்தான். இப்பவே மூடச் சொல்றேன்."

"முதல்ல அதைச் செய்டா. சாயங்காலம் ஸ்கூல் விட்டா புள்ளைங்க அந்தச் சந்துலதான் ஓடி வரும்" என்றாள் அக்கா.

கண்காணிப்பாளர் வராந்தாவுக்குப் போனார். 'குழி திறந்திருக்கிறது, மூடுங்கள்' என்று ஒரு வரி எழுதினால் போதும். கை வரவில்லை. போனில் இருந்த இயந்திரத்திடம் கேட்டார். அது நான்கு பக்கம் எழுதியது. அதில் குழி மூன்றாம் பக்கத்தில் வந்தது. அனுப்பிய கையோடு பொறியாளர் அலுவலகத்திலிருந்து போன்.

"சார், உங்க கடிதப்படி அந்தக் குழியை மூடியாச்சே. மூடின குழியைத் திரும்ப மூட விதியில இடமில்லையே."

"அது நான் எழுதலைங்க. இயந்திரம் எழுதினது!"

"கையெழுத்து?"

கண்காணிப்பாளர் போனை வைத்தார். அவர் திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னதும் அக்கா எழுந்தாள். கிளம்பிவிட்டாள். தம்பி பின்னாலேயே போனார்.

வீட்டுக்குள் போய்த் துணி வெட்டும் பலகையைத் தூக்கி வந்தாள். அதில் தையல் சாக்கட்டியால் பெரிதாக எழுதி, குழி வாயில் இரண்டு செங்கல் முட்டுக்கொடுத்து நிறுத்தினாள்:

'குழி. விழுந்துடாதீங்க.'

பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்த பிள்ளைகள் வாசித்தார்கள், நின்றார்கள், சுற்றிப் போனார்கள். கண்காணிப்பாளர் பலகையைக் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். தொழில் புத்தி சும்மா இருக்குமா?

"எல்லாம் சரிக்கா. இன்னும் கொஞ்சம் கனிவா எழுதியிருக்கலாம்."

அக்கா சாக்கட்டித் தூளைக் கையிலிருந்து தட்டினாள்.

"கனிவா எழுதினதை நம்பித்தான்டா உங்க அத்தான் உள்ள விழுந்தார்."