ஐந்நூறு பஸ்கியும் ஒரு ஸ்கூட்டரும்

தன்னம்பிக்கை சிலருக்கு முகத்தில் தெரியும், சிலருக்கு நடையில் தெரியும். எனக்கு அது தொடையில் வந்தது. வந்த அன்று பெண் பார்க்கப் போன வீட்டில் ஒரு கோரைப்பாயில் உட்கார்ந்தவன், எழுந்திருக்க முடியாமல், என் கல்யாணத்தையே கிட்டத்தட்ட உட்கார்ந்தபடி கெடுத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். உடம்பு ஒட்டடைக் குச்சி. சட்டை போட்டால் ஆணியில் மாட்டிய மாதிரி இருக்கும் (இது அம்மாவின் வர்ணனை, பெற்ற வயிறு என்பதால் குறைத்துத்தான் சொல்லியிருப்பாள்). பெண் பார்க்க ஆரம்பித்திருந்த நேரம் அது. இப்படியே போய் நின்றால் எவள் சம்மதிப்பாள் என்ற கவலையில் மேனாம்பேட்டில் வரதன் மாஸ்டரின் ஜிம்மில் சேர்ந்தேன்.

ஜிம் என்றால் கண்ணாடியும் ஏசியும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய மாட்டுக் கொட்டகை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். வனஸ்பதி டப்பாவில் சிமென்ட் ஊற்றிச் செய்த டம்பிள்ஸ். எஸ்டேட் கழிவில் பொறுக்கிய ஃப்ளைவீல் என்ற கனத்த இரும்புச் சக்கரம் இரண்டு, அவற்றின் நடுவே ஒரு தண்ணீர்க் குழாய். அதைத் தூக்கினால் கை முழுக்கக் கிரீஸ்.

மாஸ்டர் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அந்தக் கம்பெனி அவரை மூன்று நாள் ஆளுமை வளர்ச்சி வகுப்புக்கு அனுப்பிவைத்தது. போனவர் வேறு, வந்தவர் வேறு. கையில் ஒரு நீல ஃபைல், கண்ணில் ஒரு தினுசான பளபளப்பு. அடுத்த வாரமே கொட்டகைச் சுவரில் ஒரு கரும்பலகை ஏறியது. அதன் மேலே பெயின்டில் எழுதியிருந்தார்: 'உடல் பாதி, மனம் பாதி.'

காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தால் நாற்பது நிமிஷம் நிற்காமல் தண்டால், பஸ்கி, மறுபடி தண்டால். (பஸ்கி தெரியாதவர்களுக்கு: கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுவது. பள்ளிக்கூடத்தில் தோப்புக்கரணம் என்று தண்டனையாகக் கொடுப்பார்களே, ஏறக்குறைய அதே. இங்கே ஃபீஸ் கட்டிப் போட வேண்டும்.) கடைசி ஆள் தரையில் விழுந்ததும் மாஸ்டர் சாக்பீஸை எடுப்பார். அன்றைய மனப்பாடம் பலகையில் விழும்.

"மூச்சு வாங்கறப்பத்தான் நைனா மனசு தொறந்து கீது. அப்போ உள்ள போட்டதுதான் உள்ளயே நிக்கும்" என்பார்.

மூச்சு வாங்குகிறவன் எதிர்க்கேள்வி கேட்க மாட்டான் என்பதுதான் அதன் சூட்சுமம் என்று எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

பாடத்தை ஆளுக்கொரு பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டு, அன்று முழுக்க அதன்படி நடக்க வேண்டும். மறுநாள் காலையில் விசாரணை. தவறியவனுக்கு ஐம்பது பஸ்கி கூடுதல். நாங்கள் பத்துப் பேரும் அதை வேதமாக எடுத்துக்கொண்டோம். 'கண்ணைப் பார்த்துப் பேசு' என்ற பாடத்தன்று நான் எங்கள் ஃபோர்மேனின் கண்ணை இமைக்காமல் பார்த்தபடி நின்றதில் என் கண் சிவந்து நீர் வழிந்துவிட்டது. அவர் மெட்ராஸ் ஐ என்று பயந்து மூன்று நாள் லீவு கொடுத்து வீட்டுக்கு விரட்டினார். 'எல்லோரையும் பார்த்துப் புன்னகை செய்' அன்று எங்களில் ஒருவன், பஸ் கண்டக்டர், பூந்தமல்லி போவதற்குள் இரண்டு பெண்களிடம் திட்டும் ஒரு பாட்டியம்மாவிடம் குடையடியும் வாங்கினான். 'உரக்கச் சொல், உலகம் கேட்கும்' பாடத்தை உலகம் கேட்டதோ இல்லையோ, பக்கத்து வீட்டுப் பால்காரம்மா கேட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"யோவ் மாஸ்டரு! உன் ஆளுங்க போடுற கூச்சல்ல என் மாடு பால அடக்கிக்கினு கீதுய்யா!"

மாஸ்டர் அவளைக் கனிவோடு பார்த்து, "மாட்டுக்குத் தன்னம்பிக்கை பத்தல" என்றார். நாங்கள் கை தட்டினோம்.

இந்த லட்சணத்தில் இருக்கும்போதுதான் பருத்திப்பட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பெயர் மல்லிகா. ஒரு யூனிட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் வேலை. அப்பா கன்னியப்பன் கேன்டீனில் சமையல்காரர். தரகர் மூலமாக அவர்கள் ஒரே ஒரு நிபந்தனைதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: அது வேண்டும், இது வேண்டும் என்று கேட்கிற ஆளாக இருந்தால் வர வேண்டாம். அதற்கு முன் வந்த மாப்பிள்ளை ஒருவன் எல்லாம் பேசி முடித்த பிறகு ஸ்கூட்டர் கேட்டதால், மல்லிகாவே அவனை வாசலைக் காட்டி அனுப்பியிருக்கிறாள்.

அம்மா சத்தியம் செய்துகொடுத்தாள். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து கிடையாது. காரணம் என் அக்கா கல்யாணம். அக்கா புருஷன் ஏகாம்பரம் மாமா, தாலி கட்டி முடித்துச் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர், டேப் ரெக்கார்டர் வந்தால்தான் எழுந்திருப்பேன் என்று உட்கார்ந்தே இருந்தார். எங்கள் பக்கத்தில் அது ஒரு வழக்கம். மாப்பிள்ளை வாய் திறந்து கேட்க மாட்டார். எழுந்திருக்க மாட்டார், அவ்வளவுதான். மற்றவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். அன்று அப்பா செருப்புக்கூடப் போடாமல் கடைத்தெருவுக்கு ஓடினார். வேர்வையோடு டேப் ரெக்கார்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் திரும்பி வந்த முகம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

பெண் பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை காலை மாஸ்டரிடம் போய், "இன்னிக்கு லீவு வேணும் மாஸ்டர், பொண்ணு பாக்கப் போறோம்" என்றேன்.

"பொண்ணு பாக்கவா? அப்ப இன்னிக்குத்தான் நைனா உனக்கு டபுளு. தைரியம் நெஞ்சுல இல்ல, தொடையில கீது. போடு ஐந்நூறு!"

போட்டேன். இருநூறில் கொட்டகை சுற்றியது. முந்நூறில் இறந்துபோன அப்பா தெரிந்தார். ஐந்நூறில் யாரோ கை தட்டினார்கள். தரையில் மல்லாந்து கிடந்த எனக்குப் பாடத்தை உரக்கப் படித்துக் காட்டினார் மாஸ்டர்: "முடியல என்ற சொல் இன்று உன் வாயில் வரக்கூடாது!" தனியாக என்னிடம் குனிந்து, "அதச் சொன்னீன்னா, பொண்ணு கெடைக்காது" என்று சேர்த்துக்கொண்டார்.

அம்மாவோடும் ஏகாம்பரம் மாமாவோடும் பஸ் ஏறும்வரை ஒன்றும் தெரியவில்லை. ஆவடியில் இறங்கும்போதுதான் கால் என்னுடையது இல்லை என்று புரிந்தது. பருத்திப்பட்டு வரை நான் நடந்த நடையைப் பார்த்து, "இன்னாடா புதுப் பொண்ணு மாதிரி நடக்கற?" என்று அம்மா கேட்டாள். நான் சட்டைப்பையில் இருந்த பாக்கெட் நோட்டைத் தொட்டுக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் கோரைப்பாய் விரித்திருந்தார்கள். நான் உட்காரவில்லை, விழுந்தேன். விழுந்ததை ஒரு கம்பீரமாக மாற்றிக்கொள்ள முதுகை நிமிர்த்தினேன். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, காப்பியோடு மல்லிகா வந்தாள். மற்ற பெண்கள் குனிந்துகொண்டு வருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இவள் நேராக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில், ஆள் சரியா என்று சோதிக்கிற ஒரு கறார் இருந்தது. எனக்கு அந்தக் கறார் ரொம்பப் பிடித்துப்போயிற்று. இவள்தான், இவளை விட்டால் வேறு யாரும் வேண்டாம் என்று காப்பி ஆறுவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு பக்கமும் சம்மதம். கன்னியப்பன் சந்தோஷமாக, "அப்ப வெத்தல பாக்கு மாத்திக்கலாம். மாப்ள, எழுந்து வாங்க, சாமி படத்தாண்ட நில்லுங்க" என்றார்.

எல்லோரும் எழுந்தார்கள். நான் எழ முயன்றேன். மூளை உத்தரவு போட்டது. இடுப்புக்குக் கீழே அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை.

"டேய், எழுந்திர்ரா" என்றாள் அம்மா.

முடியல என்று சொல்லக்கூடாது. வேறு வார்த்தை தேடினேன். "இருக்கட்டும்மா... நான் இங்கியே இருக்கேனே" என்றேன், புன்னகையோடு (அதுவும் பழைய பாடம்தான்).

கன்னியப்பனின் முகம் மெல்ல மெல்ல வாடியது. வெற்றிலைத் தட்டை ஏந்திய கை அப்படியே நின்றது. ஏகாம்பரம் மாமாவின் முகம் மட்டும் பிரகாசித்தது. இந்த உலகத்தில் தனக்கு ஒரு வாரிசு கிடைத்துவிட்ட பெருமையோடு என் காதருகே குனிந்தார்.

"மச்சான்! சொல்லவே இல்லியே! நீ உக்காரு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"ஐயோ மாமா, அதெல்லாம் இல்ல..."

"நீ பேசாத. பேசினா ரேட்டு கொறஞ்சிடும்."

கன்னியப்பன் தயங்கித் தயங்கி, "மாப்ளைக்கு மனசுல இன்னா கீதுன்னு..." என்று இழுத்தார்.

"அவன் மானஸ்தன், வாயால கேக்க மாட்டான்" என்றார் மாமா. "நீங்களே பாத்து சொல்லுங்க."

"ஒரு வாட்ச்சு..."

நான் பதறிப்போய், "வேணாங்க, வேணாங்க!" என்றேன்.

"வாட்ச்சு வேணாமாம்" என்று மொழிபெயர்த்தார் மாமா. "அதவிடப் பெருசா யோசிங்க."

"மோதிரம்?"

"ஐயையோ, வேணவே வேணாம்!"

"பாத்தீங்களா? மோதிரமும் புடிக்கல."

நான் மறுக்க மறுக்க ஏலம் ஏறிக்கொண்டே போயிற்று. அம்மாவுக்கு அவமானத்தில் கண்ணீர் வந்துவிட்டது. "நான் சத்தியம் பண்ணியிருக்கேன்டா, பாவி!" என்றாள். இதற்கு மேல் தாங்காது என்று கையை ஊன்றி எம்பினேன். கால் விரிந்து, குப்புறச் சரிந்து, மண்டிபோட்டுக் கையூன்றி, தவழும் குழந்தை மாதிரி கன்னியப்பனின் காலருகே போய்ச் சேர்ந்தேன். மாமா அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்: "பாருங்க, எவ்ளோ மரியாதையா கேக்குறான்!"

கன்னியப்பன் கீழே என்னைப் பார்த்தார். "ஸ்கூட்டராங்க?" என்றார், ரொம்ப மெல்ல. "ஒரு வருசம் டயம் குடுத்தா..."

நிமிர்ந்து பார்த்தேன். வேர்த்துப்போன அந்த முகம், டேப் ரெக்கார்டர் பெட்டியோடு வந்த என் அப்பாவின் முகம்.

அதற்குள் உள்ளேயிருந்து மல்லிகா வந்துவிட்டாள். அப்பாவின் கையிலிருந்த தட்டை வாங்கிப் பின்னால் வைத்தாள்.

"ஸ்கூட்டரு ஒண்ணும் கெடையாதுப்பா. இவங்கள அனுப்பு." பிறகு தரையில் இருந்த என்னிடம், "இன்னாதாங்க வேணும் உங்களுக்கு? வாயத் தொறந்து சொல்லிட்டுக் கெளம்புங்க" என்றாள்.

சொன்னால் பெண் கிடைக்காது என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். சொல்லாவிட்டாலும் கிடைக்கப்போவதில்லை என்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது. முப்பது பாடம் படித்த வாய் கடைசியில் உண்மையைக் கக்கியது.

"ஒண்ணும் வேணாங்க. எழுந்திரிக்க முடியல."

"இன்னாது?"

"முடியலங்க. காலையில ஐந்நூறு பஸ்கி போட்டேன். காலு வரல."

"எதுக்குப் போட்டீங்க?"

"தைரியம் வர்றதுக்கு... உங்களப் பாக்க."

யாரும் நம்பவில்லை. மல்லிகா குனிந்து, காயில் சுற்றிக் காய்ப்பு ஏறிய கட்டைவிரலால் என் தொடையில் ஓர் அழுத்து அழுத்தினாள். நான் போட்ட அலறலில் தெருவே எட்டிப் பார்த்தது. 'உரக்கச் சொல்' பாடத்துக்கு அன்றுதான் முழு மதிப்பெண்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு தட்டை எடுத்து அப்பாவின் கையில் திரும்பக் கொடுத்து, "மாத்திக்கப்பா. இவருக்குக் கேக்கவே தெரியல" என்றாள். இரண்டு பேர் என்னை அக்குளில் கை கொடுத்து, உற்சவர் மாதிரி தூக்கி சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். மாமா மட்டும் திரும்பும் வழி முழுக்க, "கைக்கு வந்த வண்டிய வுட்டுட்டியே மச்சான்" என்று புலம்பிக்கொண்டு வந்தார்.

நான்கு நாள் கழித்துத்தான் ஜிம்முக்குப் போக முடிந்தது. கொட்டகை பூட்டியிருந்தது. மாஸ்டர் வீட்டில் கயிற்றுக் கட்டிலில் குப்புறப் படுத்திருக்க, அவர் மனைவி இடுப்பில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். தன்னம்பிக்கையை நிரூபிக்க ஃப்ளைவீலைத் தனியாகத் தூக்கியிருக்கிறார். என்னைப் பார்த்ததும், "முடியல நைனா" என்றார். ஐம்பது பஸ்கி என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு நானும் மல்லிகாவும் தவணையில் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினோம். இருவர் சம்பளத்திலும் வாங்கியதுதான் என்றாலும், "உக்காந்தே சம்பாரிச்ச வண்டி" என்றுதான் மல்லிகா அதை ஊருக்கு அறிமுகம் செய்வாள். எந்த விசேஷத்திலும் நான் பந்தியில் உட்கார்ந்தால் போதும், "மாப்ளைக்கு இன்னா வேணுமாம்?" என்று ஒரு குரல் வரும். என் பிள்ளைகள் பேசப் பழகியதே இந்த வசனத்தில்தான்.

இப்போது எனக்கு மூட்டு நிஜமாகவே தேய்ந்துவிட்டது. தரையில் உட்கார்ந்தால் நானாக எழ முடிவதில்லை. கூச்சப்படாமல், "மல்லி, முடியல, தூக்கிவுடு" என்று கூப்பிடுகிறேன். வருவாள், கையை நீட்டுவாள். நான் பிடிக்கப் போகும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொள்வாள்.

"இன்னா வேணும்? ஸ்கூட்டரா?"

"ஒண்ணும் வேணாங்க" என்று நான் சொல்ல வேண்டும். அந்த 'ங்க' விட்டுப்போனால் மறுபடியும் கேட்பாள். சரியாகச் சொன்ன பிறகுதான் கை வரும்.