லேப்டாப்புக்கு ஒரு தாயத்து

கைபேசியைவிடப் பெரிய கருவி எதையும் விமானத்துக்குள் கையோடு கொண்டுவரக் கூடாது, பெட்டியில் வைத்துக் கீழே அனுப்பிவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. லேப்டாப் உடையுமோ, உள்ளே இருப்பதை யாராவது திருடுவார்களோ என்று ஊரே கலங்கியது. மறுவாரமே டேட்டா சித்தர் அவதரித்துவிட்டார். மக்களுக்கு ஒரு பயம் வந்தால் உதவி வர நாளாகும். சாமியார் வர நாளாகாது.

விமான நிலையத்துக்கு எதிரே ஒரு வாடகை மண்டபம். வாசல்வரை வரிசை. டாக்டர், என்ஜினீயர், பேராசிரியர் என எல்லார் இடுப்பிலும் கைக்குழந்தை மாதிரி ஒரு லேப்டாப். ஒருவர் அதற்குத் துண்டு வேறு போர்த்தியிருந்தார். சளி பிடித்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ!

வரிசையில் நம் ஆவணப்பட எடிட்டரும் நின்றார். உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி இரண்டு வருடம் உழைத்து எடுத்த படம் அவருடைய லேப்டாப்பில் இருந்தது. அதில் பேசியவர்களில் மூன்று பேர் இப்போது உயிரோடு இல்லை; திரும்ப எடுக்க வழியே கிடையாது. நாளை விமானம், மறுநாள் திரையிடல். பாவம், மனுஷனுக்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை. துணைக்கு மச்சினி வந்திருந்தாள். விமான நிலையத்தில் உடைந்த பெட்டிகளுக்குப் புகார் வாங்கும் கவுண்டரில் அவளுக்கு வேலை.

சித்தர் ஒருவருடைய லேப்டாப்புக்குச் சிவப்புக் கயிறு கட்டி, முணுமுணுத்து, வரிசையில் நின்ற வேறொருவரிடம் நீட்டினார். "திற, பார்க்கலாம்!"

அவர் எதையோ தட்டினார். பாஸ்வேர்டு தவறு என்றது.

"பார்த்தீங்களா! கயிறு ஏறிட்டா உடையவனைத் தவிர யாருக்கும் திறக்காது!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எடிட்டரும் தட்டினார். பாஸ்வேர்டு போட்ட எந்த லேப்டாப்பும் அதைத்தான் சொல்லும் என்பது வீட்டில் இருக்கும்போது அவருக்குத் தெரியும்.

அவர் முறை வந்தது.

"நகல் ஏதாவது வச்சிருக்கியாப்பா?"

"ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்குல இருக்கு சாமி."

"அழிச்சிடு. நகல் இருந்தா கவசத்தோட சக்தி பாதியா பிரிஞ்சிடும்."

எடிட்டர் டிஸ்க்கைச் செருகினார். விரல் பொத்தானுக்குப் போனது.

"அத்தான், கையை எடுங்க."

"சும்மா இரும்மா. சாமி சொல்றாருல்ல?"

"எங்க கவுண்டருக்கு வாரத்துக்கு நாலு லேப்டாப் வாயைப் பிளந்துக்கிட்டு வருது. மூணுல இதே சிவப்புக் கயிறு. கயித்துக்கு மட்டும் ஒண்ணும் ஆகல அத்தான், நல்ல கயிறு!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சித்தர் முறைத்தார். "நம்பிக்கை இல்லாதவங்களுக்கு அப்படித்தான் ஆகும்."

"உங்களுக்கு இருக்குல்ல சாமி?" மச்சினி மேசையில் இருந்த சித்தருடைய சொந்த லேப்டாப்பைத் தூக்கினாள். அதில் ஒன்பது கயிறுகள். "இதை இங்கிருந்து கீழே விடறேன். பெட்டி ஏத்துற எங்க ஆளுங்க இதைவிட உயரத்திலேர்ந்து வீசுவாங்க."

"ஐயோ, வேணாம்மா!"

சித்தர் பாய்ந்து வந்து அதைக் கட்டிக்கொண்டார். பாய்ந்த வேகத்தில் ஜிப்பா பையிலிருந்து இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் தரையில் விழுந்தன.

"இது என்ன சாமி?"

"நகல்..."

"ரெண்டு நகலா?"

"ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணு வேணாமா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மையான அருள்வாக்கு அதுதான். கூட்டம் கயிற்றுக்குக் கட்டிய கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு மேசையை மொய்த்தது. பேராசிரியர் மட்டும் ஓரமாக வந்து மச்சினியிடம் கேட்டார்: "கயித்தை அவுத்தா தப்பில்லையேம்மா?"

எடிட்டர் அன்றே இன்னொரு நகல் எடுத்தார். இரண்டுக்கும் பாஸ்வேர்டு போட்டு, ஒன்றை மச்சினியிடம் கொடுத்தார், மற்றதைச் சட்டைப்பையில் வைத்தார். லேப்டாப்பை முழுக்க அணைத்து, ஸ்வெட்டர்களுக்கு நடுவே பொதிந்து அனுப்பினார். அப்படியும் அது திரை விரிசல்விட்டுத்தான் போய்ச் சேர்ந்தது. ஆனால் மறுநாள் சட்டைப்பை டிஸ்க்கிலிருந்து படம் ஓடியது. இறந்துபோன அந்த மூன்று பேரும் அரங்கம் நிறைந்த ஜனங்களோடு பேசினார்கள். எடிட்டர் இருட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஐயா, எதை வேண்டுமானாலும் பெட்டியில் போட்டு அனுப்புங்கள். மூளையை மட்டும் கையோடு கொண்டுபோங்கள். அதற்கு எந்த விமானத்திலும் தடை இல்லை.